ஒபரா புத்தகங்களின் ஓரத்தில் பென்சில் தமிழ்

அந்தத் துரை பங்களாவின் வாசற்படியை நான் முதன்முதலாக மிதித்தது என் நாற்பத்து மூன்றாம் வயதில். இலங்கை மலைநாட்டில் ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில், நான் பிறந்த தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு மேலே இரண்டு வளைவு தள்ளி அது நிற்கிறது. அம்மா அந்த மலையில் கொழுந்து பறித்தார். அப்பா தேயிலைப் பெக்டரியில் வேலை செய்தார். பள்ளிக்கூடம் போய் வரும்போது பங்களாவின் வேலி தெரியும், வேலிக்கு மேலே கூரை தெரியும். அவ்வளவுதான். உள்ளே போக எங்களுக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை.

இப்போது மாத்தளையில் ஒரு பொது நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். ஒரு நாள் காலையில் தொலைபேசி அடித்தது.

“மிஸ், லைப்ரரிதானே? நான் பங்களாவுல மெனேஜர். இத ஹோட்டலாக்குறோம். இங்க ஒரு அலுமாரி நெறைய பழைய புத்தகம் கெடக்கு, பாட்டுப் புத்தகம் மாதிரி. கறையான் வர முந்தி யாராச்சும் வந்து பாத்தா நல்லம்.”

மாத்தளை டவுனைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர் அவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். முதல் நாளே அவரை, அண்ணன் என்ற அர்த்தத்தில், நானா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

அலுமாரியில் பதினான்கு புத்தகங்கள் இருந்தன. தோல் முதுகு, மார்பிள் காகித அட்டை, உள்ளே பக்கம் பக்கமாக இசைக் குறிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் பெரிய மேடை ஒபராக்கள் எழுதிப் பேர் வாங்கிய இசைஞர் ஒருவரின் படைப்புகளே அத்தனையும். ஐந்து அங்கம், நூறு பேர் சேர்ந்து பாடும் கூட்டப் பாட்டு, நடுவில் நடனம் என்று அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுவதையும் கட்டிப்போட்டவர். இன்று அவர் பெயரை இசை படித்தவர்களே யோசித்துத்தான் சொல்கிறார்கள். வீட்டில் பியானோ வைத்திருப்பவர்கள் வாசிக்கும்படி, முழு வாத்தியக் குழுவின் இசையையும் பியானோவுக்குச் சுருக்கிப் பாட்டு வரிகளோடு அச்சடித்த பதிப்புகள் இவை. அவர் இறந்த பிறகு வேறொருவர் வெட்டி ஒழுங்குபடுத்தி வெளியிட்ட கடைசி ஒபராவும் அதில் இருந்தது.

முதல் பக்கங்களில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானியின் பெயர் மையில் எழுதியிருந்தது. ஆண்டு எழுதியிருக்கவில்லை. புத்தகங்களிலும் அச்சிட்ட ஆண்டு கிடையாது. அந்தக் காலத்து இசை நூல்களுக்கு அது வழக்கமாம். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் எண் இருக்கிறது. இசைக் குறிகளை உலோகத் தகட்டில் வெட்டித்தான் அச்சடிப்பார்கள், பதிப்பகத்தார் ஒவ்வொரு நூலின் தகட்டுக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். அந்தத் தகட்டு எண்ணை வைத்து எந்தப் பதிப்பு முந்தியது, எது பிந்தியது என்று கண்டுபிடிக்கலாம். எனக்கு இது ஒன்றும் தெரியாது. இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். பிரெஞ்சும் தெரியாது, அகராதி வைத்துத் தலைப்புகளைப் புரிந்துகொண்டேன்.

புத்தகங்களை வெளியே கொண்டுபோக ஹோட்டல் முதலாளி அனுமதிக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறிப் போனேன். விறாந்தையில் மேசை போட்டு, ஒரு சீ.ஆர். கொப்பியில் நூற்பட்டியல் எழுதினேன். யாரும் சம்பளம் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த விறாந்தையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதே எனக்கு ஒரு சந்தோஷமாக இருந்தது. அதை ஒளிப்பானேன்?

மூன்றாவது புத்தகத்தில்தான் அதைக் கண்டேன். வலது பக்கத்தின் கீழ் மூலையை ஒட்டி, மெல்லிய பென்சிலில், கடுகு போலச் சின்ன எழுத்தில் ‘திருப்பு’ என்று இருந்தது.

முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். பக்கத்தைத் திருப்பினேன், அடுத்த மூலையிலும் ‘திருப்பு’. அதற்கடுத்ததில் ‘பொறு’. இன்னொன்றில் ‘தலை ஆட்டுவாங்க’. அந்த ‘லை’ பழைய அச்சில் வருவது போலத் துதிக்கை போட்ட ‘லை’. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பிரெஞ்சுப் பாட்டு, பாரிஸ் அச்சு, துரைசானியின் பியானோ, அதற்குப் பக்கத்தில் எங்கள் பேச்சு!

முதல் இரண்டு புத்தகங்களையும் மறுபடி புரட்டினேன். அங்கேயும் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. பதினான்கு புத்தகத்திலும் சேர்த்து அறுபத்திரண்டு இடங்கள். அத்தனையையும் பக்க எண்ணோடு கொப்பியில் குறித்துக்கொண்டேன். பெரும்பாலும் ‘திருப்பு’தான். சில இடங்களில் ‘ரெண்டு பக்கம் ஒட்டி இருக்கு.’ ஓரிடத்தில் ‘இங்க நிப்பாட்டுவாங்க, தண்ணி.’ கடைசி ஒபராவில், கீழைத்தேசத்து ராணி ஒருத்தி தன்னை விட்டுக் கப்பலேறிப் போனவனுக்காகச் சாகும் இடத்தில், ஓரமாக ஒரே ஒரு வரி: ‘இந்த இடம் நல்லா இருக்கு.’

துரைசானி பியானோ வாசிக்கும்போது பக்கத்தில் நின்று பக்கம் திருப்பிய ஒருவர். ஆயாவா, வேறு வேலைக்காரரா? எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பது மட்டும் நிச்சயம். எந்தக் காலம் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. பென்சிலுக்குத் தகட்டு எண் இல்லை.

அந்த வாரம் எட்டுப் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, பெரிதாக்கி அச்செடுத்து, மாத்தளையில் பியானோ கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு சிங்கள அம்மாவிடம் கொண்டுபோனேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ‘திருப்பு’ என்றால் என்ன என்று சிங்களத்தில் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பியானோவில் வாசிக்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்றேன். இரண்டாவது பக்கத்தில் நிறுத்திவிட்டார்.

“இதை எழுதியவருக்கு இசை வாசிக்கத் தெரியும்” என்றார் சிங்களத்தில்.

எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

“இந்தக் குறி எங்கே இருக்கிறது பாருங்கள். பக்கம் முடிகிற இடத்தில் இல்லை, அதற்கு முந்திய தாளக் கட்டத்துக்கு நேர் கீழே இருக்கிறது. வாசிக்கிறவரின் கண் எப்போதும் கைக்கு முன்னால் ஓடும், அதனால் கொஞ்சம் முன்னாலேயே திருப்ப வேண்டும். வேகமான பக்கத்தில் இன்னும் முன்னால் எழுதியிருக்கிறார், மெதுவான பக்கத்தில் தள்ளி எழுதியிருக்கிறார். தலையாட்டலை மட்டும் பார்த்துத் திருப்புகிறவருக்கு இது வராது.”

பிறகு ‘நல்லா இருக்கு’ என்று எழுதியிருந்த பக்கத்தை வாசித்தார். எனக்கு ஒபரா தெரியாது. ஆனால் அந்த இடம் நன்றாகத்தான் இருந்தது. வாசித்து முடித்து அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “அவர் சொன்னது சரி” என்றார்.

அடுத்த சனிக்கிழமை நானாவிடம் எல்லாவற்றையும் காட்டினேன். அவரும் ஆச்சரியப்பட்டார்.

“அப்ப நம்ம ஆளு ஒருத்தர் இங்க நின்னு இதெல்லாம் படிச்சிருக்காரு! முதலாளிக்குச் சொல்றேன் மிஸ். புத்தகத்தக் கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறாங்களாம். சுத்தம் பண்ண கொழும்புல இருந்து ஒரு எக்ஸ்பர்ட் வாராரு.”

“அந்தப் பென்சில் எழுத்துல கை வைக்க வேணாம்னு கட்டாயம் சொல்லிடுங்க நானா.”

“சொல்றேன், சொல்றேன்.”

நான் கடிதமாகவும் எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கக் கடிதம், என் கையெழுத்தோடு. நிபுணர் வந்த வாரம் நூலகத்தில் வருடாந்தக் கணக்கெடுப்பு. லீவு கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கடிதம் போதும் என்று நினைத்தேன். என் மேலேயே எனக்கு உள்ள கோபம் அது. இன்னும் ஆறவில்லை.

சனிக்கிழமை போனபோது விறாந்தை மேசையில் வெள்ளைத்துணி விரித்திருந்தது. புத்தகங்கள் வரிசையாக இருந்தன. நிபுணர் வேலையை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, மெல்லிய மூக்குக் கண்ணாடி. கொழும்பில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தமிழர் என்று நானா சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. தமிழர்தானே, வாசித்திருப்பார்.

மூன்றாவது புத்தகத்தைத் திறந்தேன். மூலை வெறுமையாக இருந்தது.

அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். ஒன்றுமில்லை. காகிதத்தில் ஒரு சொரசொரப்பு மட்டும். கடைசி ஒபராவை எடுத்து அந்த ராணி சாகும் பக்கத்துக்குப் போனேன். ஓரம் பால்போல வெள்ளையாக இருந்தது. மேசைத்துணியில் அழிரப்பர்த் துகள்கள் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகக் கிடந்தன.

“இங்க இருந்த எழுத்து எங்க?” என்று கேட்டேன்.

“அதோ? அழுக்கெல்லாம் துடைச்சாச்சு, பிள்ளை. நல்ல மென்மையான ரப்பர், பேப்பருக்கு ஒண்டும் செய்யாது.”

“அது அழுக்கு இல்ல சார், தமிழ்.”

“தமிழெண்டு தெரியும். ஆரோ வேலைக்காரர் கிறுக்கினது. இது அருமையான பதிப்பு, பிள்ளை. இப்பிடி ஒரு செற் இலங்கையிலேயே வேற எங்கையும் இருக்காது. அதில போய்க் குசினிக் கிறுக்கலை வைச்சிருக்கேலுமோ?”

“நான் கடிதம் குடுத்திருந்தேனே?”

“கடிதமோ? எனக்கு ஒருத்தரும் தரேல்லை.”

நானாவைப் பார்த்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது. கடிதத்தைக் கொழும்பு அலுவலகத்துக்கு அனுப்பியதாகவும், அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்ததாகவும் முணுமுணுத்தார்.

அப்போதுதான் என் கண்ணில் அது பட்டது. அதே பக்கத்தின் மேலே, இசைக் கோடுகளுக்கு நடுவில், பென்சிலில் ஆங்கிலத்தில் ‘மெதுவாக’ என்று எழுதியிருந்தது. துரைசானியின் கை. தொடாமல் அப்படியே இருந்தது. வேறு பக்கங்களையும் புரட்டினேன். ‘இன்னும் வேகமாக’ இருந்தது. ‘இதை விட்டுவிடு’ இருந்தது. ஆங்கிலப் பென்சில் ஒன்றுகூடக் குறையவில்லை.

“இதுவும் பென்சில்தானே சார்? இத ஏன் அழிக்கல?”

“அது வாசிச்ச ஆளின்ர குறிப்பு. சரித்திரப் பெறுமதி இருக்கு.”

“பக்கத்துல நின்ன ஆளுக்குச் சரித்திரம் இல்லயா?”

“நீங்கள் உணர்ச்சிவசப்படுறியள், பிள்ளை.”

நான் மேசையில் ஓங்கி அடித்தேன். தேநீர்க் கோப்பை குதித்து விழுந்து உடைந்தது. என் வாழ்க்கையில் பொது இடத்தில் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. என்னவெல்லாம் சொன்னேன் என்று ஒழுங்காக நினைவில்லை. “ஒரு தமிழன் ஒக்காந்து தமிழ அழிச்சிருக்கீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்லயா?” என்று கேட்டது நினைவிருக்கிறது. அவர் கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டையில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கவில்லை. ரத்தோட்டை வரைக்கும் இறங்கி நடந்தேன். மூடுபனியில் முன்னால் வரும் வாகனம்கூடத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கால் முழுக்கச் சேறு. கணவர் கணித ஆசிரியர், எதையும் நிதானமாகப் பார்ப்பவர்.

“நீதான் கொப்பியில எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கியே. அது போதாதா? விடு” என்றார்.

“நான் எழுதுனது என் கையெழுத்துங்க. அது அவங்க கையெழுத்து” என்றேன்.

ஹோட்டல் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. இரண்டாவது எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. எங்கள் பாரம்பரியச் சொத்துகள் மீது தாங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி என்றது. கூடவே திறப்பு விழா மாதத்தில் இருவர் வந்து பகல் சாப்பாடு சாப்பிட ஓர் இலவசச் சீட்டு. அந்தச் சீட்டை நான் நான்காய்க் கிழித்தேன், கிழித்த பிறகும் ஆத்திரம் தீராமல் எட்டாகக் கிழித்தேன்.

ஒரு மாதம் கழித்து நானா நூலகத்துக்கே வந்தார். வாசிப்பு மேசையில் உட்காராமல் என் மேசைக்கு முன்னால் நின்றார்.

“மிஸ், எனக்கு மனசு சரியில்ல. உங்க கடிதத்த நான் அந்தாள்ட கையில குடுத்திருக்கணும். எழுத்த அழிக்கிறது பாவம். நேத்து ஜன்னல் பக்கம் வச்சு ஒரு புத்தகத்தத் தொறந்தேன். வெயில் சரிவா விழுந்திச்சு. எழுத்து தெரியிற மாதிரி இருந்திச்சு. என் கண்ணா என்னன்னு தெரியல. நீங்க வந்து பாருங்க.”

அவர் கண் சரியாகத்தான் பார்த்திருந்தது. பென்சிலை அழிக்கலாம், பென்சில் காகிதத்தில் அழுத்திய பள்ளத்தை அழிக்க முடியாது. அறை ஜன்னலை மூடி, கைத்தொலைபேசி விளக்கைக் காகிதத்தோடு படுக்கவைத்துப் பிடித்தால், பள்ளத்தின் ஒரு பக்கம் நிழல் விழுகிறது. ‘திருப்பு’ எழும்பி வருகிறது. புத்தகங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் போவதற்கு முந்திய மூன்று வாரமும், வேலையாட்கள் வர்ணம் பூசிக்கொண்டிருந்த வீட்டில், நானா விளக்கைப் பிடிக்க நான் படமெடுத்தேன். கொப்பியில் எழுதியிருந்த பக்க எண்களை வைத்து ஒவ்வோர் இடமாகத் தேடினோம். அறுபத்திரண்டில் நாற்பத்தொன்று கிடைத்தது. மற்றவை மெல்ல எழுதியவை, அல்லது அழுத்தித் தேய்க்கப்பட்டவை. ‘இந்த இடம் நல்லா இருக்கு’ கிடைக்கவில்லை. அந்த இடத்தில் காகிதத்தின் நாரே எழும்பியிருந்தது. முன்பு நான் எடுத்த எட்டுப் படங்களில் ஒன்றாக அது பிழைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

“இத மட்டும் ஏன் இவ்வளவு தேச்சாரு?” என்று நானா கேட்டார்.

“நீளமா இருந்துச்சுல்ல நானா.”

கொப்பியில் அடுத்த பக்க எண்ணைப் பார்த்தேன்.

எழுதியவர் யார் என்று தேடினேன். பழைய செக்ரோல், அதாவது தோட்டத்தில் பேர் பதிந்த புத்தகங்கள், எங்கேயும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் பங்களா வேலைக்காரர்களைப் பெயர் போடாமல் ஆயா, சமையல் அப்பு என்றுதான் எழுதியிருப்பார்கள் என்று ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர் சொன்னார். அதோடு அந்த வழி மூடிப்போனது.

ஹோட்டல் திறந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் பித்தளைப் பலகை வைத்தார்கள். இசைஞரின் பெயர், துரைசானியின் பெயர், சுத்தம் செய்த நிபுணரின் பெயர். நான் போகவில்லை, நானா படமெடுத்து அனுப்பினார்.

என் கையில் இருந்ததை நான் செய்தேன். நூற்பட்டியலைத் தட்டச்சுச் செய்து, நாற்பத்தொன்பது படங்களையும் சேர்த்துக் கட்டி, எங்கள் நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில், வருபவர்கள் அங்கேயே இருந்து பார்க்கும்படி, வைத்தேன். பட்டியலிடும்போது குறிப்பெழுதியவருக்கு ஒரு தனிப் பதிவு போட நூலக விதி இடம் தருகிறது. ‘பெயர் அறியப்படாத பக்கம் திருப்புபவர்’ என்று போட்டேன். மேலதிகாரி கேட்டார், “இப்படி ஒரு பதிவு போடலாமா?” விதியைக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

சில மாதம் கழித்து நிபுணர் தொலைபேசியில் வந்தார். உடைந்த கோப்பை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“உங்களிட்டைப் படங்கள் இருக்காம். நான் ஒரு கட்டுரை எழுதிறன். எனக்கு அனுப்பேலுமோ?”

“அனுப்ப முடியாது சார். பொது நூலகம், யாரும் வந்து பாக்கலாம். வாங்க, பதிவுல பேர் எழுதுங்க, ஒக்காந்து படிங்க.”

வந்தார். ஒரு புதன்கிழமை, இரண்டு மணித்தியாலம் இருந்தார். அந்த ‘நல்லா இருக்கு’ படத்தில் வெகுநேரம் நின்றார். நான் என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அழித்ததற்கு வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். தொகுப்பை மூடி, “நல்ல வேலை செய்திருக்கிறியள், பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டுரை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்தது. அரைப் பக்கம். அரிய பதிப்புகளைப் பற்றி, தகட்டு எண்களைப் பற்றி. அந்த எண்களை நான் எத்தனை சனிக்கிழமை குனிந்து எழுதினேன் என்று அவருக்குத் தெரியாது. கடைசிப் பந்தியில் பென்சில் தமிழ் வந்தது. ‘காலப்போக்கில் மங்கிவிட்ட இக்குறிப்புகள்’ என்று எழுதியிருந்தார்.

அன்றே பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன். மறுவாரம் போட்டார்கள். இடமில்லையென்று இரண்டு வரியை வெட்டிவிட்டுப் போட்டார்கள். என் கடிதத்தில் மிச்சமிருந்தது நன்றியும் நூலகத்தின் திறப்பு நேரமும்தான். வெட்டிய அந்த இரண்டு வரிக்காகத்தான் இத்தனையும் எழுதினேன். அவை இவை:

காலம் அந்த எழுத்தை மங்கவைக்கவில்லை. படித்த ஒரு மனிதர் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, எது ஆங்கிலம் எது தமிழ் என்று வாசித்துப் பார்த்து, தமிழை மட்டும் தேய்த்து எடுத்தார்.